ஹிட்ச்காக்கை எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்? நான்கு படங்கள், ஓர் ஒப்பீடு

“சைக்கலாஜிக்கல் த்ரில்லர் பார்க்கணும்னு ஆசை. எல்லாரும் ஹிட்ச்காக்கில் ஆரம்பிக்கச் சொல்றாங்க. ஐம்பது படத்துக்கு மேல இருக்கே, எதை முதலில் பார்ப்பது?” ஹாலிவுட் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைப் பற்றி இப்படிக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை முயன்று கைவிட்டவர்கள். எந்தப் படம் என்று விசாரித்தால் பெரும்பாலும் ‘வெர்டிகோ’ என்று பதில் வரும். உலகத்தின் தலைசிறந்த படம் என்று எங்கோ படித்துவிட்டு, ராத்திரி பத்தரை மணிக்கு போனில் போட்டிருப்பார்கள். ஒருவன் ஒரு பெண்ணின் காருக்குப் பின்னால் தன் காரில் போய்க்கொண்டே இருப்பான். அலுத்துப்போய் நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் ரசனையில் கோளாறு இல்லை. தொடங்கிய இடம் சரியில்லை, அவ்வளவுதான்.

எனவே நான்கு படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’, ‘ரியர் விண்டோ’, ‘வெர்டிகோ’, ‘சைக்கோ’. மனத்தின் இருட்டை மையமாக வைத்த ஹிட்ச்காக் படங்களில் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வாசல்கள். முடிவுகளை உடைக்க மாட்டேன். தொடக்கத்தையும் நடுவில் சில காட்சிகளையும் மட்டும் தொடுகிறேன். ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சி ஊரறிந்த விஷயம் என்பதால் அதை மறைக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

பதற்றம் எங்கிருந்து வருகிறது? 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொன்னார். இருவர் மேசையில் உட்கார்ந்து ஏதோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு வைப்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டு, வெடிக்கும் நேரத்தையும் சொல்லி, அருகில் ஒரு கடிகாரத்தையும் வைத்துவிட்டால்? அதே வெட்டிப் பேச்சு நம்மைப் பதினைந்து நிமிடம் பாடாய்ப் படுத்தும். முதலாவது அதிர்ச்சி. இரண்டாவதுதான் சஸ்பென்ஸ்.

நமக்கு இது புதிதில்லை. கர்ண மோட்சம் கூத்து பார்க்க உட்காரும் ஊருக்குக் கர்ணன் சாகப்போவது தெரியும். தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும்போது தொண்டை அடைப்பதற்குக் காரணமே அந்தத் தெரிதல்தான். உங்களுக்கு அதிர்ச்சி பிடிக்குமா, இந்தத் தெரிந்த தவிப்பு பிடிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் உங்களை என்னவாக ஆக்குகிறது? என் கணக்கில் இதுதான் முக்கியமான அளவுகோல். சைக்கலாஜிக்கல் படம் என்றால் கதையில் யாருக்கோ மனநோய் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹிட்ச்காக்குக்கு அதைவிடப் பார்வையாளரின் மனத்தில்தான் அக்கறை அதிகம். இந்த நான்கு படங்களிலும் ஏதோ ஒரு கணத்தில் திரையிலிருந்து ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். அந்தப் பார்வை ஒவ்வொரு படத்திலும் நம்மிடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது. எந்தக் கேள்வியைத் தாங்க நீங்கள் தயார் என்பதைப் பொறுத்துத்தான் முதல் படம் அமைய வேண்டும்.

பொறுமை, மொழி, திரை. வேகமான ஆங்கில வசனத்துக்கு சப்டைட்டில் படித்தால் கண் அங்கேயே போய்விடும், முகங்களைத் தவறவிடுவோம். சில படங்கள் போனில் பாதிகூடத் தெரியாது. யாருடன் உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்பதும் முக்கியம்.

ரகசியம் எவ்வளவு நாள் தாங்கும்? சில படங்கள் முடிவு தெரிந்தபிறகும் குறையாது. சில, பால் மாதிரி. ஒரு துளி பட்டால் திரிந்துவிடும்.

| | ஷேடோ ஆஃப் எ டவுட் | ரியர் விண்டோ | சைக்கோ | வெர்டிகோ |
|---|---|---|---|---|
| ஆண்டு, நீளம் | 1943, 108 நிமிடம் | 1954, 112 நிமிடம் | 1960, 109 நிமிடம் | 1958, 128 நிமிடம் |
| நிறம் | கறுப்பு வெள்ளை | வண்ணம் | கறுப்பு வெள்ளை | வண்ணம் |
| நாம் ஆவது | உண்மை தெரிந்த ஒரே ஆள் | ஒளிந்து பார்ப்பவர் | உடந்தை | மோகத்தில் சிக்கியவர் |
| வசனச் சுமை | மிக அதிகம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| போனில் | பார்க்கலாம் | கூடாது | ஹெட்போனுடன் பார்க்கலாம் | கூடாது |
| குடும்பத்தோடு | தாராளமாக | பெரியவர்களோடு | வேண்டாம் | தனியாக நல்லது |
| முடிவு தெரிந்தால் | இழப்பு குறைவு | கொஞ்சம் | மிகப் பெரிய இழப்பு | முதல் முறைக்கு மட்டும் இழப்பு |

## ரியர் விண்டோ

கால் எலும்பு முறிந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்ட ஒரு போட்டோகிராபர், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தன் வீட்டு ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வெயில் கொளுத்துகிறது. எதிர்வீடுகளின் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. பொழுது போகாமல் பார்க்கத் தொடங்குகிறான். எதிரில் இருக்கும் ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிட்டானோ என்று சந்தேகம் வருகிறது. கேமரா அநேகமாக அந்த அறையை விட்டு வெளியே போவதில்லை.

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு முன்னுரையே தேவையில்லை. நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள். எந்த வீட்டில் சண்டை, யார் இன்று சமைக்கவில்லை, யாருக்குக் கடிதம் வந்தது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வேண்டுமென்று பார்ப்பதில்லை, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது. ஹிட்ச்காக் அந்த முற்றத்தை பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் ஒரே செட்டாகப் போட்டார். 31 வீடுகள். ஸ்டுடியோத் தரையைப் பெயர்த்து, அடித்தளத்தையே முற்றத்தின் மட்டமாக வைத்தார்கள்.

முதல் சில நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். வசனமே இல்லை. வேர்த்த நெற்றி, வெப்பமானி, மாவுக்கட்டில் எழுதிய பெயர், நொறுங்கிய கேமரா, விபத்துக்குள்ளாகும் பந்தயக் காரின் புகைப்படம். இவன் யார், கால் எப்படி உடைந்தது, எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதை ஒருமுறை ரசித்துவிட்டால் ஹிட்ச்காக்கைப் படிக்கும் முறை கைக்கு வந்துவிடும். முதல் படமாக இதை நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். மற்ற படங்களைப் பார்க்கவும் இதுவே கற்றுத் தந்துவிடுகிறது.

சஸ்பென்ஸ் என்றால் என்ன என்று ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதில்தான் எடுப்பேன். அவனுடைய காதலி லிசா எதிர்வீட்டுக்குள் ஏறிக் குதித்துத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதே நேரம் கீழ்வீட்டு ஜன்னலில் வேறொரு பெண் ஏதோ விபரீதம் செய்யப்போகிறாள் என்று நம் கண் அங்கே போகிறது. திரும்பினால் அந்த ஆள் தாழ்வாரத்தில் வந்துவிட்டான். எழுந்து ஓட முடியாது, கத்தியும் பயனில்லை. பார்க்க மட்டும்தான் முடியும், அவனாலும் நம்மாலும். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் தலையை நிமிர்த்தி, முற்றத்தைத் தாண்டி நேராக நம்மைப் பார்க்கிறான். இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாம் முதல்முறையாகப் பார்க்கப்படுகிறோம்.

மனோதத்துவ அடுக்கு மெல்லத்தான் தெரியும். நாயகனுக்குக் கல்யாணம் என்றாலே பயம். எதிரில் இருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் கல்யாணத்தின், தனிமையின் ஒரு வடிவம். புதுமணத் தம்பதி, நாயை வளர்க்கும் தம்பதி, தனியாக இருவருக்கு உணவு பரிமாறி உட்காரும் பெண், நோயாளி மனைவியோடு சண்டையிடும் கணவன். அவன் பார்ப்பது பக்கத்து வீட்டை மட்டும் இல்லை.

செலவு என்ன? முதல் அரைமணி நேரம் கொலை பற்றிப் பேச்சே இல்லை. நாயகனாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் லிசாவாக கிரேஸ் கெல்லியும் செல்லமாகச் சண்டை போடும் வசனங்கள் வேகமாக ஓடும். போனில் பார்த்தால் எதிர்வீட்டு ஆட்கள் எறும்பாகத் தெரிவார்கள். டிவி கட்டாயம். தற்கொலை எண்ணம் ஒரு கிளைக்கதையில் வருகிறது, அது கனமாக இருப்பவர்கள் தெரிந்துகொண்டு உட்காருங்கள். அதே 1954-ல் நம் ஊரில் எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். அதை ரசித்தவர்களுக்கு இந்தப் படத்தின் நிதானம் ஒரு தடையாகவே இருக்காது.

## ஷேடோ ஆஃப் எ டவுட்

நான்கில் பெயர் குறைவாகக் கேள்விப்பட்ட படம். நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான படமும் இதுதான். கலிபோர்னியாவில் சாண்டா ரோசா என்ற அமைதியான சிற்றூர். ஒரு சாதாரணக் குடும்பம். மூத்த மகளின் பெயர் சார்லி. அம்மாவின் தம்பி பெயரும் சார்லி. அந்த மாமா பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறான், எல்லோருக்கும் பரிசுகளோடு. அவன் வரும் ரயில் கக்கும் கரும்புகை நிலையத்தையே மூடுகிறது.

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லில் போய்விடுகிறது. நாம் அதைத் தாய்மாமன் என்று கேட்டால் படத்தின் எடையே வேறு. காதுகுத்துக்கு மடி தருபவர், சீர் கொண்டுவருபவர், வீட்டில் அப்பாவுக்குக்கூடக் கிடைக்காத செல்லம் பெறுபவர். அவர் கொடுத்த மோதிரத்தின் உட்புறத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயரெழுத்துகள் பொறித்திருந்தால்? அவர் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் கிழித்து எடுத்தால்? யாரிடம் போய்ச் சொல்வாள் அந்தப் பெண்? சொன்னால் உடைவது அம்மாவின் மனம். படத்தின் பயம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசைக் காட்சியை என் அம்மாவோடு பார்த்தேன். மாமா பணக்கார விதவைகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். குரல் உயரவே இல்லை. கேமரா அவன் பக்கவாட்டு முகத்தை மெதுவாக நெருங்குகிறது. அந்தப் பெண்களை அவன் கொழுத்த விலங்குகளாக வர்ணிக்கிறான். அவர்களும் மனிதர்கள்தானே என்று மருமகள் குரல் மட்டும் கேட்கிறது. அவன் அப்படியே திரும்பி, கேமராவைப் பார்த்து, அப்படியா என்பதுபோல் ஒரு கேள்வி கேட்கிறான். அம்மா படத்தில் வரும் பெண்ணிடம் சொன்னார், “எழுந்து வந்துடும்மா. அவன் பக்கத்துல உக்காராத.” அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். அந்த முகம் முழுதாகப் புரிந்துவிட்டது.

ரத்தம் கிடையாது. கொலை எதுவும் கண்முன் விரிவதில்லை. பதின்பருவத்துப் பிள்ளைகளோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும், மாட்டிக்கொள்ளாமல் கொலை செய்வது எப்படி என்று பொழுதுபோக்காக விவாதிப்பது படம் நெடுக வருகிறது. உண்மையான ஆபத்து அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். மேசைக்கடியில் குண்டு என்பதன் நேரடி உதாரணம்.

இதன் செலவுகளில் முதலாவது வசனம். வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பது சிரமம். அப்புறம், துப்பறிய வருபவனுக்கும் நாயகிக்கும் முளைக்கும் காதல். படத்தின் பலவீனமான பகுதி அது, ஒட்டவே இல்லை. முழுப் படமும் 1940-களின் நடிப்புப் பாணியில் இருப்பதால் முதல் பத்து நிமிடம் பழையதாகத் தோன்றும். மாமா வந்து இறங்கும்வரை பொறுத்துக்கொண்டால் போதும்.

## சைக்கோ

இங்கே முதலில் ஒரு கேள்வி. முடிவு உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் மற்ற மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த வாரமே இதைப் பாருங்கள். குளியலறைக் காட்சி தெரிந்திருந்தால் பரவாயில்லை. அதற்கு அப்பால் தெரியாமல் இருப்பது இந்தக் காலத்தில் ஒரு வரம். எனக்கு அது வாய்க்கவில்லை. கல்லூரியில் ஒரு சீனியர் டீக்கடையில் வைத்து, யாரும் கேட்காமலே முடிவைச் சொல்லிவிட்டார். இருபது வருடம் ஆகியும் அந்த இழப்பு எனக்குத் தீரவில்லை. 1960-ல் ஹிட்ச்காக் இதை உணர்ந்துதான், படம் தொடங்கியபின் யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று விதி வைத்தார். தியேட்டருக்குத் தாமதமாகப் போவது அன்றைய அமெரிக்காவிலும் சகஜம். வாசலில் வரிசை நின்றது.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. மாரியன் என்ற பெண் அலுவலகத்தில் 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காரில் ஓடுகிறாள். சாலையோரம் தூங்கியவளை ஒரு போலீஸ்காரர் தட்டி எழுப்புகிறார். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த முகம் திரையை நிறைத்து நேராக நம்மைப் பார்க்கிறது. திருடியது அவள், ஆனால் நெஞ்சு படபடப்பது நமக்கு. அப்போதே உடந்தை ஆகிவிட்டோம். மழையில் ஒரு மோட்டலில் ஒதுங்குகிறாள். அதை நடத்தும் நார்மன் கூச்ச சுபாவமுள்ள, பாவமான இளைஞன். ஆன்டனி பெர்கின்ஸ் செய்த அந்தப் பாத்திரத்தை வெறுப்பது அவ்வளவு எளிதில்லை.

பாதிப் படம் ஆகும் முன்பே அந்தக் குளியலறைக் காட்சி வந்துவிடுகிறது. ஒரு வார காலம் படமாக்கிய, ஒரு நிமிடத்துக்கும் குறைவான தாக்குதல். ஹிட்ச்காக் அங்கே இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வைத்துச் செய்துகாட்டியதைக் கேட்டதும் மனம் மாறினார். படம் முழுக்க நரம்புக் கருவிகள் மட்டும்தான். ஹெட்போன் போடச் சொல்வது அதனால்தான்.

ஆனால் என்னை இன்றும் உலுக்குவது அதற்குப் பின்னால் வரும் காட்சி. தடயம் எல்லாவற்றையும் ஒரு காரில் போட்டு நார்மன் சேற்றுக்குளத்தில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் மென்றுகொண்டிருந்த வாய் நிற்கிறது. அக்கம்பக்கம் பார்க்கிறான். நமக்கும் மூச்சு நிற்கிறது. மூழ்கிவிடு, மூழ்கிவிடு என்று உள்ளே ஒரு குரல். கார் மறுபடி இறங்கியதும் நிம்மதி. அப்புறம்தான் உறைக்கிறது, நாம் யார் பக்கம் நின்று நிம்மதி அடைந்தோம் என்று.

மறைந்திருக்கும் செலவுகள் இந்தப் படத்தில்தான் அதிகம். ஒன்று, தேடும்போதே ரகசியம் உடையும். 1998-ல் காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்த வண்ண மறுஆக்கம் இருக்கிறது, இரண்டாம் பாகம் 1983-ல் வந்தது, 2020-ல் மிஷ்கினின் ‘சைக்கோ’வும் உண்டு. 1960, கறுப்பு வெள்ளை என்று உறுதி செய்துகொண்டு, கதைச்சுருக்கத்தைப் படிக்காமல் நேராகப் போடுங்கள். 1980-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் இதன் சாயல் உண்டு. எந்த விதத்தில் என்று இங்கே சொல்ல முடியாது. இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் இதை முதலிலும் அதைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செலவு இன்னும் கனமானது. கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். அது 1960-ன் புரிதல், சினிமாவுக்காக இறுக்கிக் கட்டிய விளக்கம். அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் படத்தின் தலைப்பு நம் தெருவில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் மேல்தான் வன்முறை விழுகிறது. வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார் என்றால் இந்தப் படத்தை எல்லோரும் கூடிப் பார்க்காதீர்கள். அவர் மனத்தில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது.

ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நான்கில் வசனம் குறைவாக இருப்பது இதில்தான். நீண்ட பகுதிகள் பேச்சே இல்லாமல் ஓடுகின்றன.

## வெர்டிகோ

சான் பிரான்சிஸ்கோவில் உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு முன்னாள் துப்பறிவாளன், ஸ்காட்டி. கல்லூரி நண்பன் ஒருவன், தன் மனைவியைப் பின்தொடரும்படி கேட்கிறான். இறந்துபோன ஒரு மூதாதைப் பெண் அவளைப் பிடித்து ஆட்டுவதாக நண்பனுக்குச் சந்தேகம். பின்தொடர்கிறவன் காதலில் விழுகிறான்.

1958-ல் வந்தபோது விமர்சனங்கள் கலவையாகத்தான் இருந்தன. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை சிறந்த படங்களுக்காக நடத்தும் வாக்கெடுப்பில், ஐம்பது வருடம் முதலிடத்தில் இருந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தை 2012-ல் இது இறக்கியது. 2022-ல் இரண்டாம் இடம். இந்தப் புகழ்தான் இதன் மறைமுகச் செலவு. முதலிடம் என்று கேட்டு வருபவர் வேகமான த்ரில்லரை எதிர்பார்க்கிறார். கிடைப்பது ஒரு கனவின் நடை. முதல் பாதியில் நீண்ட நேரம் கார், பூக்கடை, கல்லறை, அருங்காட்சியகம் என்று பேச்சில்லாமல் போகிறது. அருங்காட்சியகத்தில் அவள் ஓர் ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஓவியத்துப் பெண்ணின் கொண்டையும் அவள் கொண்டையும் ஒரே சுழல். கேமரா அந்தச் சுழலை நெருங்குகிறது. இதற்குத் தனியான ஒரு மனநிலை வேண்டும், நல்ல திரையும் வேண்டும்.

சஸ்பென்ஸ் பற்றிய ஹிட்ச்காக்கின் கொள்கைக்குக் கடினமான சோதனை இதில்தான். மூல நாவல் ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றியது. படமோ கணிசமான பகுதி மிச்சமிருக்கும்போதே அதை நமக்கு உடைத்துக் காட்டிவிடுகிறது. ஒரு பெண் மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள், அந்தக் கணத்திலிருந்து நமக்குத் தெரிந்தது ஸ்காட்டிக்குத் தெரியாது. அதன்பின் ஓர் ஆண் ஒரு பெண்ணின் உடையை, தலைமுடியின் நிறத்தை, கொண்டையைக்கூடத் தன் நினைவில் இருக்கும் இன்னொருத்திபோல் மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறான். துணிக்கடையில் அவள் கண் கலங்கி நிற்கும் காட்சி எந்தக் கொலைக் காட்சியையும்விட எனக்குக் கஷ்டமானது. இதைக் காதல் என்று கொண்டாடும் படம் இல்லை இது. ஆனால் அவனை வில்லன் என்று கைகழுவவும் நம்மை விடுவதில்லை.

சமீபத்தில் நெருங்கியவரை இழந்தவர்கள், கட்டுப்படுத்தும் உறவிலிருந்து வெளியே வந்தவர்கள் தள்ளிப்போடுவது நல்லது. விழுந்து சாவதும் தற்கொலை முயற்சியும் கதையின் நடுவிலேயே இருக்கின்றன.

## இரண்டுக்கு நடுவே தடுமாறுபவர்களுக்கு

‘ரியர் விண்டோ’வா ‘சைக்கோ’வா என்பதுதான் அடிக்கடி வரும் குழப்பம். ‘சைக்கோ’வின் முடிவு தெரியாதவர்கள் அதை முதலில் பாருங்கள், தெரிந்தவர்கள் ‘ரியர் விண்டோ’வுக்குப் போங்கள். ரத்தம் ஒத்துக்கொள்ளாது, பார்த்தால் ஒரு வாரம் தூக்கம் போகும் என்றால் முடிவு தெரியாவிட்டாலும் ‘சைக்கோ’ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்றால் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’. இதற்குப் போட்டியே இல்லை. தனியாக, நல்ல டிவியில், இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்றால் ‘ரியர் விண்டோ’. மனநல மருத்துவமே கதைக்களமாக வேண்டும் என்று சிலர் 1945-ல் வந்த ‘ஸ்பெல்பவுண்ட்’ பற்றிக் கேட்கிறார்கள். ஓவியர் சால்வதோர் டாலி வடிவமைத்த கனவுக் காட்சிக்காகப் பார்க்கலாம், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். அது மனத்தை ஒரு பூட்டாகவும் மருத்துவரைச் சாவியாகவும் நினைக்கிறது. மேலே சொன்ன நான்கில் பூட்டு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை.

‘வெர்டிகோ’வைப் பாதியில் நிறுத்தியவர்கள் அதை அழித்துவிடாதீர்கள். மற்ற மூன்றில் இரண்டையாவது பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, பெரிய திரையில் திரும்ப ஆரம்பியுங்கள். முடித்தபின் இன்னொரு முறையும் பாருங்கள். அந்த இரண்டாம் தடவை ஸ்காட்டியை விட்டுவிடுங்கள். சிவப்புச் சுவர் கொண்ட உணவகத்தில், அவன் பின்தொடரப்போகும் பெண் பச்சைச் சால்வையில் அவனருகே வந்து, பக்கவாட்டு முகம் காட்டி, ஒரு நொடி நிற்கிறாள் பாருங்கள், அவள் கண்களை மட்டும் கவனியுங்கள்.